அந்தரங்க மருவுக்குக் கிரீம் எழுதித் தந்திருக்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறப்புறுப்பிலோ ஆசனவாயைச் சுற்றியோ மரு வந்து, டாக்டரைப் பார்த்து, கையில் மருந்துச் சீட்டோடு இருப்பவர்களுக்காக எழுதியது இது. மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் எல்லாம் என் காதுக்கு வந்தவைதான். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, சீட்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அதிகம் கேட்கப்படுவது ஒன்றுதான்: "போட்ட இடம் செவந்து எரியுது, நிறுத்தவா?" அதனால் மற்றதைவிட அதற்கே இங்கே கூடுதல் இடம்.

இது மருதானா, வேறு ஏதாவதா?

டாக்டர் பார்த்துச் சொல்லியிருந்தால் சரி. கூகுளில் படம் பார்த்து நீங்களே முடிவு செய்திருந்தால், கிரீம் வாங்குவதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள். மரு சில சமயம் தோல் நிறத்திலேயே தட்டையாக இருக்கும், சில சமயம் காலிஃபிளவர் பூப் போலக் கொத்தாக வளரும். பெரும்பாலும் வலிக்காது.

ஆனால் மருவே அல்லாத பல விஷயங்களும் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன முத்துகள் தெரிந்தால், அது பலருக்கும் இயல்பாகவே இருப்பது; அதற்கு வைத்தியமே வேண்டாம். பெண்களுக்கு உள் உதட்டில் ஒரே சீராக இருக்கும் மெல்லிய முளைகளும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அதன் இரண்டாம் கட்டத்தில் ஈரமான, தட்டையான, மரு மாதிரியே தெரியும் தடிப்புகள் வரும். அதற்கு ஊசி மருந்து வேண்டும், கிரீம் ஒன்றும் செய்யாது. சிபிலிஸைக் கண்டறியும் விடிஆர்எல் ரத்தப் பரிசோதனையையும் எச்ஐவி பரிசோதனையையும் சேர்த்து எழுதியிருந்தால், உங்கள்மேல் சந்தேகப்பட்டு எழுதியதாக நினைக்காதீர்கள். ஒழுங்காக வைத்தியம் பார்க்கிறார் என்று அர்த்தம்.

எனக்கு வேறு யாரோடும் தொடர்பே இல்லை. எப்படி வந்தது?

எச்பிவி என்ற வைரஸால் வருவது இது. அந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அந்தரங்க மருவில் பத்தில் ஒன்பது 6, 11 ஆகிய இரண்டு வகைகளால் வருபவை. உடலுறவின்போது தோலும் தோலும் உரசுவதில் பரவும். பரவிய பிறகு மரு தெரிய சில வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். சிலருக்கு வைரஸ் இருக்கும், மரு வரவே வராது; ஆனாலும் அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

அதனால் "யாரிடமிருந்து, எப்போது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. கல்யாணத்துக்கு முன் எப்போதோ வந்தது இப்போது தலைகாட்டலாம். இன்றைக்கு மரு தெரிகிறது என்பதை வைத்து இன்றைய துணையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இதை டாக்டர் வாயாலேயே இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் நடக்கப்போகும் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

புற்றுநோய் ஆகிவிடுமா?

6, 11 வகைகள் சாதாரணமாகப் புற்றுநோய் உண்டாக்குவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது பெரும்பாலும் 16, 18 போன்ற வேறு வகைகள். ஆனால் எல்லாமே ஒரே வழியாகப் பரவுவதால் ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். எனவே 30 வயது கடந்த பெண்கள், மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருப்பைவாய்ப் பரிசோதனையை விடக்கூடாது. தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள்.

மரு கறுத்து, கெட்டியாகி, ரத்தம் கசிந்து, நடுவில் புண் விழுந்தால் கிரீமை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

என்னென்ன கிரீம் எழுதுவார்கள்?

நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது இமிகுவிமாட் 5 சதவீதக் கிரீம். 1997 முதல் அந்தரங்க மருவுக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. இது நேரடியாக வைரஸைக் கொல்லாது. அந்த இடத்துத் தோலில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடும். இவ்வளவு நாள் கண்டுகொள்ளாமல் இருந்த வைரஸை அவை அப்போதுதான் தேடித் தாக்க ஆரம்பிக்கும். சிவப்பு, எரிச்சல் எல்லாம் அந்தத் தாக்குதலில் வருவதுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாவது பொடோஃபிலோடாக்சின். இமயமலைப் பகுதியில் வளரும் ஒரு செடி வகையிலிருந்து வந்த மருந்து. மருவின் அணுக்கள் பெருகுவதை நிறுத்தி, சதையை வாட விடும். காலை, இரவு என்று நாளைக்கு 2 முறை, தொடர்ந்து 3 நாள். பிறகு 4 நாள் ஓய்வு. இப்படி 4 சுற்று வரை போவார்கள். மூன்றாவதாகப் பச்சைத் தேயிலைச் சாற்றில் செய்த களிம்பு ஒன்று வெளிநாடுகளில் உண்டு. கடைத் தேயிலையை அரைத்துப் பூசுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தில் இனி கிரீம் என்றால் இமிகுவிமாட் 5 சதவீதம்.

சரி, எப்படிப் போடுவது?

இரவு படுக்கப் போகும்முன். வாரத்துக்கு 3 நாள், விட்டு விட்டு. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

முதலில் அந்த இடத்தைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கக் காயும்வரை பொறுங்கள். ஈரத் தோலில் போட்டால் எரிச்சல் கூடும். பாக்கெட்டைக் கத்தரித்து விரல் நுனியில் கொஞ்சமாக எடுங்கள். ஒரு பாக்கெட்டில் கால் கிராம்தான் இருக்கும்; மரு இரண்டு மூன்றுதான் என்றால் அதுவே அதிகம். மருவின்மேல் மட்டும் வைத்து, வெள்ளை நிறம் மறையும்வரை மெல்லத் தேய்க்கவும். வெள்ளையாகப் படிந்து நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். சுற்றியுள்ள நல்ல தோலுக்குப் பூசக் கூடாது. மேலே பிளாஸ்டர், பஞ்சு வைத்துக் கட்டவும் கூடாது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுங்கள். 6 முதல் 10 மணி நேரம் கழித்து, அதாவது காலையில் எழுந்ததும், மென்மையான சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட வேண்டும். பலர் விடும் பிழை இங்கேதான்: இரவில் ஒழுங்காகப் போடுவார்கள், காலையில் அவசரத்தில் கழுவாமல் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பகல் முழுக்க வியர்வையோடு மருந்து பரவி, தொடை இடுக்கு வரை சிவந்துவிடும்.

முன்தோல் உள்ள ஆண்கள் தினமும் அதைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். வீக்கம் வந்து முன்தோல் இறுகுவதுபோல் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். பெண்கள் வெளிப்புறத்தில் மட்டும்தான் போட வேண்டும், யோனிக்குள்ளே கூடாது. சிறுநீர்த் துவாரத்துக்குள், ஆசனவாய்க்குள் இருக்கும் மருவுக்கும் இந்தக் கிரீம் இல்லை, அதற்கு வேறு வழி பார்ப்பார்கள்.

தினமும் போட்டால் சீக்கிரம் போகாதா?

போகாது, புண்தான் ஆகும். நடுவில் விடும் நாட்களில்தான் தோல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. 3.75 சதவீதம் என்று அளவு குறைந்த வகை ஒன்று உண்டு, அதுதான் தினமும் இரவில் போடுவது. உங்கள் அட்டையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மடங்காகப் போட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும்.

இரண்டு வாரம் ஆயிற்று. சிவந்து எரிகிறது. நிறுத்தவா, தொடரவா?

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. எவ்வளவு சிவப்பு என்பதைப் பொறுத்தது.

மருவும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் சிவந்து, லேசாக அரித்து, தோல் பொடிப்பொடியாக உரிந்தால் மருந்து வேலை செய்கிறது. தொடருங்கள். உட்கார்ந்தால், நடந்தால் உறுத்துகிறது, உள்ளாடை படும்போது சுள்ளென்கிறது என்றால் ஒன்றிரண்டு முறை போடுவதைத் தள்ளிவிட்டு, ஆறியபின் தொடரலாம். தோல் உரிந்து ஈரமாகப் பளபளக்கிறது, நீர் கசிகிறது, பக்கு கட்டுகிறது, சிறுநீர் பட்டால் உயிர் போகிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். பல நாள் ஓய்வு தேவைப்படும். ஓய்வு விட்டதால் வைத்தியம் வீணாகிவிடாது; உசுப்பிவிட்ட எதிர்ப்பு சக்தி நீங்கள் கிரீம் போடாத நாளிலும் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். ஆறிய பிறகு வாரம் 2 முறை என்று குறைத்து ஆரம்பிக்கச் சொல்வதும் உண்டு. அதை நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள்.

சிலருக்கு உடம்பு வலி, தலைவலி, லேசான காய்ச்சல், தொடை இடுக்கில் நெறிகட்டுவது எல்லாம் வரும். மருந்தின் விளைவுதான், பாரசிட்டமால் போதும். ஆனால் சீழ், துர்நாற்றம், சிவப்பு நாளுக்கு நாள் அகலமாகப் பரவுவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்போது அது வெறும் எரிச்சல் இல்லை, கிருமி சேர்ந்திருக்கலாம்.

புண்ணான தோல் சீக்கிரம் ஆற என்ன செய்யலாம்?

பெரும்பாலும் எதையாவது செய்யாமல் இருப்பதுதான் வேலை.

டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள். கிருமிநாசினி, வாசனைச் சோப்பு, பவுடர், அந்தரங்க வாஷ் என்று விற்கும் பாட்டில்கள் எல்லாவற்றையும் ஆறும்வரை ஒதுக்கி வையுங்கள். ஓர் அகலமான பேசினில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் வைத்து, ஒரு பத்து நிமிடம் அதில் உட்காருங்கள். நாளைக்கு இரண்டு வேளை செய்தால் போதும். பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, காற்றாட விடுங்கள்.

தோல் காய்ந்ததும் வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகப் பூசலாம். புண்ணான தோலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு படலமாக இருந்து உரசலைத் தடுக்கும். கிரீம் போடாத நாட்களில் மட்டும். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால், கூடவே ஒரு குவளை தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றிக்கொண்டே கழியுங்கள். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும்.

உடை விஷயத்தில் நம் ஊர் வழக்கம் உதவுகிறது. வீட்டில் இருக்கும்போது உள்ளாடை இல்லாமல் லுங்கி, தளர்வான பருத்தி நைட்டி. வெளியே போகும்போது பருத்தி உள்ளாடை; ஜீன்ஸ், லெகிங்ஸ் இரண்டும் சில வாரம் அலமாரியிலேயே இருக்கட்டும். நீண்ட பைக் பயணத்தையும் தள்ளிப்போடுங்கள்.

ஷேவ் பண்ணலாமா?

வேண்டாம். பிளேடு போகும் தடத்திலேயே சின்னக் கீறல்கள் விழுந்து வைரஸ் புதிய இடங்களுக்குப் பரவும். முடி இடைஞ்சலாக இருந்தால் கத்தரியால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், அம்மான் பச்சரிசிப் பால்?

கழுத்தில் வரும் மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பாலை வைப்பது, சுண்ணாம்பு வைப்பது, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் நம் பாட்டிமார் செய்தவை. அந்தரங்கத் தோல் கழுத்துத் தோல் இல்லை. அங்கே மெல்லிசு. சுண்ணாம்பும் எருக்கம்பாலும் அந்த இடத்தை வேகவைத்துவிடும். கால் ஆணிக்கு விற்கும் சாலிசிலிக் அமிலத் திரவமும் அப்படியே. அட்டையிலேயே பிறப்புறுப்பில் போடக்கூடாது என்று இருக்கும். கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள், அதனால் தோலுக்குக் கேடில்லை.

பச்சைப் புண்ணில் மஞ்சளும் வேண்டாம். தோல் முழுக்க மூடிய பிறகு வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதில் தவறில்லை.

அரிப்புக்கு வீட்டில் ஒரு கிரீம் இருக்கிறது, அதைப் போட்டால் அடங்குகிறது...

எடுத்து அட்டையைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு என்று சொல்லி மூன்று நான்கு மருந்தைக் கலந்து விற்கும் டியூப்களில் பெரும்பாலும் இது இருக்கும். ஒருபக்கம் இமிகுவிமாட் எதிர்ப்பு சக்தியை உசுப்ப, மறுபக்கம் ஸ்டீராய்டு அதை அடக்கும். அரிப்பு அடங்கும், மரு பெருகும். தோலும் நாளடைவில் காகிதம் மாதிரி மெலியும். சட்டப்படி இதைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஆனாலும் விற்கிறார்கள். என் தொழிலைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறிய இடம் வெளுத்துவிட்டது. கறுப்பாகவும் திட்டு இருக்கிறது. போகுமா?

நம் மாநிறத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் கொஞ்ச நாள் கறுப்பு நிற்கும். மாதக்கணக்கில் மெல்ல மங்கும். சிவப்பழகுக் கிரீம் எதையும் அங்கே போடாதீர்கள். வெளுப்பு விஷயம் கொஞ்சம் வேறு. இமிகுவிமாட் போட்ட இடத்தில் நிறம் குறைவது தெரிந்த பக்கவிளைவு, சிலருக்கு அது திரும்பாமலே நின்றுவிடும். ஆரம்பத்திலேயே கவனித்தால் டாக்டரிடம் காட்டி மருந்தை மாற்றலாம். வீட்டில் யாருக்காவது வெண்புள்ளி இருந்தால் கிரீம் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எத்தனை வாரம் போட வேண்டும்?

மரு முழுக்க மறையும்வரை, அதிகபட்சம் 16 வாரம். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். இந்த மருந்துக்கு அனுமதி வாங்கித் தந்த ஆய்வுகளில் ஒன்றில், 16 வார முடிவில் பெண்களில் 72 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 33 சதவீதம் பேருக்கும் மரு முழுக்கப் போனது. ஆண்களுக்குக் குறைவாக இருக்க, தண்டுப்பகுதித் தோல் தடித்திருப்பது ஒரு காரணம்.

போகவில்லை என்றால் கிரீமோடு கதை முடிந்துவிடாது. திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, டிசிஏ என்ற அமிலத்தை டாக்டர் கையால் தொட்டு வைப்பது, மின்சாரத்தால் சுடுவது, லேசர், வெட்டி எடுப்பது என்று பல வழி இருக்கிறது. பெரிய கொத்து என்றால் முதலிலேயே சுட்டு எடுத்துவிட்டு, ஆறியபின் கிரீம் போடச் சொல்வார்கள்.

போன பிறகு மறுபடி வருமா?

வரலாம். மருந்து மருவை நீக்குகிறது. தோலுக்குள் இருக்கும் வைரஸ் முழுக்கப் போய்விட்டது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. வருவதென்றால் பெரும்பாலும் முதல் 3 மாதத்தில் வரும். வந்தால் சின்னதாக இருக்கும்போதே காட்டுங்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே வைரஸை அடக்கிவிடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், சிறுநீரக மாற்றுக்குப் பின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாள் கூடும். புகைப்பவர்களுக்கும் அப்படித்தான்; அதை நிறுத்த ஒரு சாக்கு வேண்டுமென்றால் இதையும் வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை நடக்கும்போது தாம்பத்தியம்?

மரு இருக்கும்வரை, புண் ஆறும்வரை தவிர்ப்பதே நல்லது. கிரீம் தோலில் இருக்கும் இரவுகளில் கண்டிப்பாகக் கூடாது: துணைக்கும் எரியும், தவிர இந்தக் கிரீமில் உள்ள எண்ணெய்ப் பசை ஆணுறையைப் பலவீனமாக்கும். ஆணுறை பரவலைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. அது மூடாத இடத்திலும் வைரஸ் இருக்கும்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன்.

அப்படியானால் கையில் உள்ள கிரீமைப் போடும்முன் மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். பொடோஃபிலோடாக்சின் கர்ப்பத்தில் அறவே கூடாது. இமிகுவிமாட்டையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். உறைய வைப்பது, அமிலம் வைப்பது இரண்டும் செய்யலாம். கர்ப்பத்தில் மரு வேகமாக வளர்வதும் பிரசவத்துக்குப் பின் தானாகச் சுருங்குவதும் உண்டு. மரு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. குழந்தை வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தால்தான்.

எச்பிவி தடுப்பூசி இப்போது போட்டால் மரு போய்விடுமா?

போகாது. வந்ததை அது ஆற்றாது. உடம்பில் இன்னும் சேராத வகைகளைத் தடுக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் போடுவது பற்றி யோசித்தால், எந்த வகைகளைத் தடுக்கும் ஊசி என்று கேளுங்கள். 16, 18 மட்டும் தடுப்பது மருவைத் தடுக்காது. 2023 தொடக்கத்தில் வெளியான இந்தியத் தயாரிப்பான செர்வாவேக் 6, 11, 16, 18 நான்குக்கும் எதிரானது. 2007இல் பள்ளி மாணவிகளுக்கு ஊசி போட ஆரம்பித்த ஆஸ்திரேலியாவில், சில வருடங்களிலேயே இளம்பெண்களிடம் அந்தரங்க மரு வெகுவாகக் குறைந்துவிட்டது.

எந்த டாக்டரிடம் போவது? வெட்கமாக இருக்கிறது.

தோல் மற்றும் பால்வினை நோய் டாக்டர். இரண்டும் ஒரே படிப்பு, அதனால் வரவேற்பில் "ஸ்கின் டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னாலே போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே பணம் கிடையாது. எச்ஐவி பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையம். போனில் கேட்டுக்கொள்ள தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, இலவசம். இலங்கையில் அரசு பால்வினை நோய்க் கிளினிக்குகளில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

மிச்சப் பாக்கெட்டுகளை என்ன செய்வது? நண்பனுக்கும் இதே தொந்தரவு.

நண்பனை டாக்டரிடம் அனுப்புங்கள். அவனுக்கு இருப்பது மருதானா என்று யாருக்குத் தெரியும். பிரிக்காத பாக்கெட்டைப் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல் சூடு ஏறாத இடத்தில் வைக்கச் சொல்லியிருப்பார்கள், அட்டையைப் பாருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பிரித்ததில் மீந்ததை அன்றே தூக்கிப் போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல்.